நுங்கு வண்டிக்கு ரசீது கிடையாது

வாடே மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. பிள்ளைக்கு என்னமோ பெட்டி வாங்கியாந்திருக்கியாமே? பூமியைக் காப்பாத்தச் சொல்லிக்குடுக்குத விளையாட்டுச் சாமானாம். 1,200 ரூவாயாம், ஒங்க அத்தை சொன்னா. பிரிச்சுப் பாத்தேன். மேல பிளாஸ்டிக் உறை, உள்ள அட்டை, அதுக்குள்ள தெர்மாகோல், அதுக்கும் உள்ள ஒரு மரக்குருவி. குருவி பறக்குமோ என்னமோ, உறை இப்பவே நம்ம வேலியில பறந்துட்டுதான் கெடக்கு.

தப்பா நெனைக்காத. 2019 சனவரியில கவர்மெண்டு பிளாஸ்டிக் பையைத் தடை பண்ணுனப்ப மொதல்ல கைதட்டுனது நீதான். மஞ்சப்பையும் வச்சிருக்க. இந்தப் பெட்டியே அதுக்குள்ளதான வந்துச்சு!

நேத்து ஒம்மவ என்ன செஞ்சா தெரியுமா? நான் நுங்கு நோண்டித் தின்னு போட்ட காய் ரெண்டைப் பொறுக்குனா. நடுவுல குச்சியைச் சொருகி அச்சாக்குனா. தள்ளுததுக்குக் கவட்டைக் கம்பு வேணுமே? முருங்கை ஒடைஞ்சுபோச்சு. பூவரசு வளைஞ்சுபோச்சு. வேப்பங்கவட்டை நின்னுச்சு. எந்த மரம் எம்புட்டுத் தாங்கும்னு இப்ப அவகிட்ட கேளு. ஒங்கிட்ட கேக்க மாட்டேன், பயப்படாத.

நாலு நாள்ல காய் வாடிச் சுருங்கி வண்டி கோணும். அழுவா. அழட்டும். நறுக்கிப் போட்டா மாடு திங்கும்.

மிச்சமிருந்த காயைக் குழி தோண்டிப் பொதைச்சு, "தாத்தா, எப்ப மரமாவும்?"னா. "நுங்கு மொளைக்காதுட்டீ. பழுத்து விழுந்த கொட்டைதான் மொளைக்கும், ஆவணி வரைக்கும் பொறு. பொறவு காய்க்க ஒரு 15 வருசம். அதுவும் பாளை விட்டாத்தான் ஆணா பொண்ணான்னு தெரியும், ஆண்பனைன்னா நுங்கே கெடையாது"ன்னேன். கொஞ்சநேரம் யோசிச்சா. "அப்ப பத்துக் கொட்டை ஊனுவோம்"னுட்டா. கணக்கு வாத்தியாருக்கு மாசாமாசம் எவ்வளவு குடுக்க நீ?

அதனால, நான் சொல்லுததைக் கேளு. இந்த வெளையாட்டை ஒடனே நிறுத்திரு. சட்டையில நுங்குக் கறை பட்டா லேசுல போவாது. பூவரச இலையில பீப்பி ஊதப் பழகிட்டான்னா ஒனக்குப் போன் பேச முடியாது. எல்லாத்துக்கும் மேல, பொம்மைக் கடைக்காரன் பொழப்பு என்னாவுதது? அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்லா?

பெட்டியா? அட்டையை ஒங்க அத்தை கோழிக்குஞ்சுக்கு மறைப்பா வச்சுட்டா. குருவியை எடுத்துட்டுப் போயி ஒன் ஆபீசு மேசையில வையி, அங்கதான் அது பொருத்தம். தெர்மாகோலையும் மறக்காம எடுத்துக்க. அதை எங்க மாடு திங்காது. பிள்ளை ஆவணி வரைக்கும் இங்க கெடக்கட்டும். பள்ளிக்கூடத்துல ஏதும் கேட்டா சொல்லு, ரசீது எழுதித் தாரேன்.