ஏழை ஸ்போர்ட்ஸ் காரின் நிறுத்தவியல்

ஸ்போர்ட்ஸ் கார் உடையோர் இரு வகைப்படுவர்: பணம் உள்ளோர், பழைய மஸ்டா மியாட்டா உள்ளோர். இவ்வாய்வு பின்னவர் நலன் கருதியது.

1989இல் வெளிவந்த மியாட்டா ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைந்த எடை கொண்டது. அதன் 1.6 லிட்டர் எஞ்சின் வகையில் முன் டிஸ்க்கின் குறுக்களவு 235 மி.மீ. 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது அது 255 ஆயிற்று. அடுத்த தலைமுறையின் ஸ்போர்ட் வகையில் 270 ஆயிற்று. உடைப்புக் கடையில் கிடக்கும் பெரிய காரின் பிரேக்கைக் கழற்றிச் சிறிய காரில் மாட்டுவது இக்குலத்தாரின் தொன்று தொட்ட வழக்கம்.

இனிப் பூர்வபட்சம். 'ஆறு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிடி) வாங்கினால் கார் டக்கென்று நிற்கும்' என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? காய்ந்த சாலையில் சக்கரத்தைப் பூட்டிவிடும் பிரேக்கிடம் வலு ஏற்கெனவே மிச்சம் இருக்கிறது. அதற்குமேல் காரை நிறுத்துவது டயர். முன்பக்கம் மட்டும் பெரிய பிரேக் மாட்டினால் பின்பக்கம் தன் பங்கைச் செய்யாமல் ஓய்வெடுக்கும். கார் முன்பைவிடத் தள்ளிப்போய் நிற்கவும் கூடும். காசு கொடுத்து இதை வாங்குவோரும் உளர்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? சூட்டுக்கு. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 386 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. ஏழெட்டுப் பேருக்கு டீத் தண்ணீர் கொதிக்க இது தாராளம். பந்தயத் தடத்தில் வளைவுக்கு வளைவு இந்த டீக்கடை நடக்கிறது. 1953இல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் வென்றதற்கு டிஸ்க் பிரேக் சூடு தாங்கியது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பிரேக்கின் நிறத்தை யாரும் பேசவில்லை.

இந்தச் சூடு முதலில் காவு கொள்வது பிரேக் ஆயிலை. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பழக்கமுடையது. புதிய டாட் 3 (DOT 3) தர ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் குடித்தபின் 140 தாங்கினால் போதும். டாட் 4க்கு அவை 230, 155. ஆயில் கொதித்தால் ஆவி; ஆவி அமுங்கும்; பெடல் தரையைத் தொடும். அந்நேரத்தில் ஆறு பிஸ்டனும் வேடிக்கை பார்க்கும்.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: பிரேக் பாகம் வெளியே தெரியும் அளவும் அதன் பயனும் எதிர் விகிதத்தில் அமையும். ஆயில் கண்ணுக்கே தெரியாது, விலையும் அற்பம். டிஸ்க்கில் உரசும் பேடு அரைகுறையாகத் தெரியும். நல்லதாகப் போட்டால் பயன் உண்டு. ஆனால் பந்தயப் பேடு குளிரில் சரியாகப் பிடிக்காது, சூடேறுமுன் தெருமுனை வந்துவிடும்; தெருவே திரும்பிப் பார்க்கக் கிறீச்சிடவும் செய்யும். துளையிட்ட டிஸ்க் பளிச்செனத் தெரியும். கடும் சூட்டில் விரிசல் அந்தத் துளையில்தான் தொடங்கும். சிவப்புக் காலிப்பர் நூறடிக்கு அப்பாலும் தெரியும்.

'டயரும் வெளியேதானே தெரிகிறது?' எனின், தெரிகிறது, யாரும் பார்ப்பதில்லை. ஆகவே விதிக்குப் பங்கமில்லை.

வாங்கும் முறை: முதலில் புது ஆயில், பிறகு பேடு, பிறகு டயர். தடத்தில் ஓட்டியும் சூடு அடங்காவிட்டால் உடைப்புக் கடையின் 255 மி.மீ. டிஸ்க். மிச்சக் காசில் சிவப்புப் பெயின்ட் வாங்கத் தடையில்லை. காலிப்பருக்கென்றே விற்கும் சூடு தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குக. டிஸ்க்கின் முகத்தில் படாமல் அடிக்க.