மல்லாந்து படுத்துப் பாருங்கள்!

கேள்வி: ஒரு மாதக் குழந்தைக்காகப் பல வண்ணத் தொங்கும் பொம்மை வாங்கிக் கட்டினேன். அவள் கண்டுகொள்ளவே இல்லையே?
– ஓர் இளம் தாய், தேனி

பதில்: பொம்மை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவளை அல்ல! தொங்குவது யானைப் பொம்மை என்றால், நிற்கிற நமக்குத்தான் அதன் தும்பிக்கையும் காதும் தெரியும். மல்லாந்து கிடக்கிறவளுக்குத் தெரிவது நான்கு பாதமும் அடிவயிறும். அவள் பக்கத்தில் பாயில் படுத்து மேலே பாருங்கள், புரிந்துவிடும். இந்த வயதில் 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் கண்ணுக்கு ஓரளவு பிடிபடும். வெளிர் நீலமும் இளஞ்சிவப்பும் எடுபடாது. பளிச்சென்ற கறுப்பு வெள்ளை போதும். அட்டையில் வட்டம், கட்டம், கோடு வெட்டி, முகம் கீழே பார்க்கும்படி படுக்கை வாட்டில் கட்டுங்கள். மூக்குக்கு நேர் மேலே வேண்டாம், நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். மூன்று மாதம் முடிந்தும் எதையுமே கண்ணால் தொடரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: "பச்சைக் குழந்தைக்குக் கறுப்பா?" என்று தடுக்கிறார் மாமியார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கையில் கறுப்பு வளையல், இடுப்பில் கறுப்புக் கயிறு. மூன்றையும் ஆசையாகப் போட்டுவிட்டது அத்தைதானே! கறுப்பு அட்டையையும் வெள்ளை மையையும் அவர் கையிலேயே கொடுத்து, சின்னதாக ஒரு புள்ளிக் கோலம் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதைவிடப் பொருத்தமான படம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மாண்டிசோரி முறையில் கைக்குழந்தைக்கு முதலில் கட்டுகிற தொங்கலும் கறுப்பு வெள்ளைதான். இத்தாலியக் கலைஞர் புரூனோ முனாரியின் பெயரில் வழங்குகிறது அது.

கேள்வி: பேரனுக்காக நானே செய்கிறேன். எத்தனை முறை கட்டினாலும் ஒரு பக்கம் சாய்கிறது.
– ஓய்வுபெற்ற தபால்காரர், விருதுநகர்

பதில்: ஐயா, மேலிருந்து தொடங்கியிருப்பீர்கள். அடியிலிருந்து மேலே வாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இரண்டு வடிவம் வெட்டி, மெல்லிய மூங்கில் குச்சியின் இரு முனையிலும் கட்டுங்கள். குச்சியின் நடுவே நூலைத் தளர்வாகச் சுருக்குப் போட்டுத் தூக்கினால் கனமான பக்கம் தாழும். தாழ்கிற பக்கமாகவே சுருக்கை நகர்த்துங்கள். மயிரிழை நகர்ந்தாலே போதும், குச்சி நிமிரும். மட்டமானதும் இறுக்கி ஒரு சொட்டு ஃபெவிகால். இப்போது இந்தக் குச்சி மொத்தமும் ஒரே எடை. இதை அடுத்த குச்சியின் ஒரு முனையில் மாட்டி, மறுமுனையில் இன்னொரு வடிவம் கட்டி, அதே வேலை. மேல்குச்சியை முதலில் சரிசெய்தால், கீழே ஒன்று சேர்க்கும்போதெல்லாம் சாய்ந்துகொண்டே இருக்கும். குச்சி முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க மறக்காதீர்கள். ஃபேனுக்கு நேர் கீழே மாட்டாமல், காற்று லேசாகத் தடவிப் போகும் ஓரமாக மாட்டுங்கள். மெதுவாகத் திரும்பினால்தான் பிஞ்சுக் கண் கூடவே திரும்பும்.

கேள்வி: எங்கள் வீட்டில் புடவைத் தூளிதான். அதற்குள் எப்படித் தொங்கவிடுவது?
– வாசகி, பரமக்குடி

பதில்: விடவே விடாதீர்கள். தூளி தூங்குவதற்கு. அங்கே துணியே இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும், நூல் எதுவும் கூட இருக்கக் கூடாது. பால் குடித்து, ஏப்பம் விட்டு, முழித்துக்கொண்டு கிடக்கும் நேரத்தில் பாயில் போட்டுக் காட்டுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: சலங்கை மணி கோத்தால் காதுக்கும் விருந்தாகுமே?
– ஓர் அப்பா, சேலம்

பதில்: மணி உதிர்ந்தால் வாய்க்குள் போகும். 3 செ.மீ.க்குள் அடங்குகிற எதையும் குழந்தை மேலே தொங்கவிடாதீர்கள். பாட்டுப் பாடும் பொத்தான் பேட்டரிச் சங்கதியும் வேண்டாம். அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். காதுக்கு விருந்து உங்கள் குரல். நீங்களே பாடுங்கள்.

கேள்வி: இதனால் அறிவு வளரும் என்பது உண்மையா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குட்டித் தலைக்குள் நடப்பது சாதாரணமும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-காலியர், குழந்தையின் கணுக்காலையும் தொங்கும் பொம்மையையும் ஒரு ரிப்பனால் இணைத்தார். உதைத்தால் பொம்மை ஆடும் என்று குழந்தைகள் சில நிமிடங்களில் கண்டுபிடித்து, விடாமல் உதைத்தன. மூன்று மாதக் குழந்தைகள் அதை ஒரு வாரம் வரை நினைவில் வைத்திருந்தன. (ஆய்வுக்கூடத்தில் செய்தது அது, வீட்டில் காலில் எதையும் கட்ட வேண்டாம்.) 1961இல் ராபர்ட் ஃபான்ட்ஸ் எழுதிய ஆய்விலோ, வெறும் வண்ண வட்டத்தைவிட முகம் வரைந்த வட்டத்தையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. அட்டை கிடைக்காவிட்டால் கவலையே படாதீர்கள், குனிந்து உங்கள் முகத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: எப்போது கழற்றுவது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கை எட்டிப் பிடிக்கத் தொடங்கியதும், அல்லது கையூன்றி எழும்பப் பார்த்ததும். எதுவும் நடக்காவிட்டாலும் ஐந்து மாதத்தில் கழற்றிவிடுங்கள். நூலையும் சேர்த்துத்தான். அதன் பிறகு கையில் ஒரு கிலுகிலுப்பை.