ஈர்வாள் இயல்: கோவில்பத்தில் மின்ரம்பம் தேரும் முறைமை

இந்த ஆய்வின் முதல் இயல் கிடைக்கவில்லை. பழஞ்சுவடிகளுக்கு நேர்வதுபோல் செல் அரித்துவிடவில்லை. அரசலாற்று வெள்ளமும் கொண்டுபோகவில்லை. காரணம் உரிய இடத்தில் வரும். வாசகர் இரண்டாம் இயலிலிருந்து தொடங்குக.

களம், எங்கள் வீட்டுக் கொல்லை. சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி எதுவென்று கேட்டால் காரைக்கால் கோவில்பத்துப் பார்வதீசுவரர் கோயிலைக் காட்டுவார்கள்; அங்கிருந்து கூப்பிடு தூரம். கொல்லையின் வடக்கெல்லை துவைக்கிற கல். தெற்கெல்லை, 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பூவரசின் அடித்துண்டு. மேற்கெல்லை, மதியம் ஒன்றரை மணிக்குக் கண்ணயரும் பக்கத்து வீட்டுப் பாட்டி. மூன்றாவதே கடக்க அரியது.

பெயராராய்ச்சி சிறிது. ரம்பம் என்பது அரம்பம் என்பதன் தலை அறுந்த வடிவம். அறுக்கும் கருவிக்கு இது தகும். அலுப்பூட்டுகிறவனைத் தமிழர் அறுவை என்பர், ரம்பம் என்பர், பிளேடு என்றும் சொல்வர். உளிக்கோ இழைப்புளிக்கோ கொட்டாப்புளிக்கோ இந்தப் பேறு வாய்க்கவில்லை. ஆகவே ரம்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

அறுக்கும் கருவிகள் இருவகைப்படும்: பொருள் நிற்கக் கருவி நகர்வது, கருவி நிற்கப் பொருள் நகர்வது. முன்னதற்குக் கத்தி சான்று, பின்னதற்கு அரிவாள்மணை. அரிவாள்மணைக்கு மோட்டார் வைத்தால் டேபிள் சா. பாட்டி அறுபது ஆண்டுகளாகக் கத்தரிக்காயைக் கூர்முனைக்கு நேரே தள்ளியும் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றனவே, நாமும் பலகையைத் தள்ளலாமே எனின், அற்றன்று. அரிவாள்மணை நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றுவதில்லை. கத்தரிக்காய் பிளேடில் இறுகி, தள்ளியவர் வயிற்றை நோக்கித் திரும்பிப் பாய்வதுமில்லை. தொடக்கநிலையாளர்க்கு டேபிள் சா விலக்கு.

அடுத்தது கையில் பிடிக்கும் வட்ட ரம்பம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டும் கத்திக்கு மின்சாரம் ஏற்றப் பார்த்து, 1924 வாக்கில் இதில் வந்து நின்றார். அந்த ஊர் 1718இல் பிரெஞ்சுக்காரர் கட்டியது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1இல் அவர்கள் கையைவிட்டு நீங்கியது. எனவே வட்ட ரம்பம் நமக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, வீட்டில் சேர்ப்பதே மரபு என்று வாதிடுவார் உளர். உறவு சரி; பிளக் பாயிண்ட் சம்மதிக்கவேண்டுமே. சுவரிலிருக்கும் சின்னப் பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். ஏழு அங்குல வட்ட ரம்பங்கள் பல 1200க்கும் 1400க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. கிளம்பும்போது இன்னும் கூடுதலாக இழுக்கும். ஏசிக்கு வைத்த 16 ஆம்பியர் பிளக் படுக்கையறையில் இருக்கிறது. படுக்கையறையில் பலகை அறுப்பது குடும்ப இயல், வேறொருவர் எழுதட்டும்.

ஆசாரிமார் பலர் தளக்கல் அறுக்கும் நாலங்குல மிஷினில் மரப்பிளேடு பூட்டி பிளைவுட்டை வெண்ணெய்போல் அறுப்பார்கள். அது நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். வட்ட ரம்பத்தில் தானாக வந்து பல்லை மூடும் கீழ்மூடி அதில் இல்லை. பார்த்து வியக்கலாம், அவ்வளவுதான்.

எஞ்சுவது ஜிக்சா. சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர் 1946 வாக்கில் மனைவியின் தையல் மிஷினில் ஊசியைக் கழற்றிவிட்டு ரம்பத்தகட்டை மாட்டினார், அதிலிருந்து பிறந்தது என்பது கதை. அன்று அந்த அம்மையார் என்ன சொன்னார் என்பதே ஆராயத்தக்கது. 500, 600 வாட் போதும், சின்னப் பிளக் தாங்கும். வளைவும் வரும். குறை, நேர்கோட்டில் போகாமல் மேயப் போகும். தடித்த மரத்தில் தகடு உள்ளுக்குள்ளே வளையும். நேரான சட்டமொன்றைப் பலகைமேல் இரண்டு கிளாம்பால் இறுக்கி, அதை ஒட்டி ஓட்டினால் மேய்ச்சல் அடங்கும். ஜிக்சாவின் பல் மேல்நோக்கி அறுப்பதால் மேற்புறத்தில்தான் சிலாம்பு பெயரும். நல்ல முகத்தைக் கீழே வைக்கவேண்டும். நான் முதல் இரண்டு பலகையில் மேலே வைத்தேன்.

தோள் துண்டை எடுத்துவிட்டு, தொங்கும் லுங்கியை மாற்றிவிட்டுத்தான் எந்த மிஷினையும் தொடவேண்டும். கையுறை பாதுகாப்பென்று நினைப்பவர் உண்டு. சுற்றும் பிளேடு நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கடற்கரை ஊராதலால் தகடு துரு ஏறும். தேங்காய் எண்ணெய் தடவுக.

முழு அடிமரத்தை மேற்சொன்ன எதுவும் பலகையாக்காது. அதற்கு வாள்பட்டறைதான் கதி. எட்டுக்கு நாலு பிளைவுட்டும் அப்படியே. ஆட்டோவில் ஏறாது, கடையிலேயே அறுத்து வாங்குவது அறிவு.

கள ஆய்வின் பொருட்டு எங்கள் தெரு ஆசாரியாரைக் கண்டேன்.

“எந்த ரம்பம் வாங்கலாம் ஆசாரியாரே?”

“என்ன செய்யப்போறீங்க தம்பி?”

“இன்னும் முடிவு பண்ணலைங்க.”

“அப்ப ஒரு பென்சிலும் மூலைமட்டமும் வாங்குங்க.”

இத்துறையில் இதைவிடச் செறிவான நூற்பா எனக்குக் கிட்டவில்லை. பென்சில், மூலைமட்டம், ஜிக்சா மூன்றையும் வாங்கினேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஜிக்சா கூவியதும் மேற்கெல்லை விழித்துக்கொண்டது. பாட்டி வந்தார்; ஏசுவார் என்று நின்றேன். கையில் அரிவாள்மணை. கட்டை நடுவே பிளந்திருந்தது.

“சத்தம் போடுறதுதான் போடுற, இதுக்கொரு கட்டை போட்டுக் குடு.”

வாள்பட்டறையில் பிளந்து வைத்திருந்த பூவரசம் பலகையில் அளவெடுத்து, சட்டம் இறுக்கி, அறுத்து, இரும்பைப் பழைய திருகாலேயே பூட்டிக் கொடுத்தேன். பாட்டி திண்ணையில் அதைப் போட்டுக் காலால் அழுத்திப் பார்த்தார்.

“ஒரு ஓரம் ஆடுதே.”

சுற்றுமுற்றும் பார்த்தார். திண்ணையில் இந்த ஆய்வின் கையெழுத்துப்படி இருந்தது. மேலே கிடந்த முதல் இயலை எடுத்து நாலாக மடித்து மணைக்கடியில் செருகிவிட்டு, வாழைத்தண்டை நறுக்கத் தொடங்கினார்.