‘மிஸ், இவன் பாருங்க மிஸ்’: தொடக்கப்பள்ளி முறையீட்டியல் குறித்து ஆரணியிலிருந்து ஓர் ஆய்வு

தொடக்கப்பள்ளியில் ஒரு வாரத்தில் என்னதான் நடக்கிறது என்று கேட்டால் கால அட்டவணையைக் காட்டுவார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், விளையாட்டு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள கோட்டை யாரும் பார்ப்பதில்லை. வகுப்பின் பெரும்பொழுது அந்தக் கோட்டில்தான் கழிகிறது என்பதும், அங்கே மணியடித்தாலும் நிற்காமல் ஒரே ஒரு பாடம் நடந்துகொண்டிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அந்தப் பாடத்தின் பெயர் முறையீடு.

ஆய்வுக் களம் ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பேர் வாங்கிய ஊர். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே வந்து ஒரு சண்டை போட்டு ஜெயித்ததாகச் சரித்திரத்தில் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஒரே அறையில் ஒரே டீச்சரிடம் படிக்கும் பள்ளியில் காலை பத்து மணிக்கு நான் கண்ட சண்டைகளோடு ஒப்பிட்டால், கிளைவின் சண்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

நான் அங்கே போனது ஆராய்ச்சிக்காக அல்ல. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பேத்தி என் வேட்டி முனையை விடமாட்டேன் என்று அழுதாள். ‘ஒரு வாரம் வராண்டாவில உக்காந்துக்குங்க ஐயா, பழகிடுவா’ என்றார் டீச்சர். சும்மா உட்காருவதற்கு முறையீடுகளை எண்ணலாமே என்று நோட்டும் பென்சிலும் கொண்டுபோனேன். திங்கட்கிழமை பத்தரை மணிக்குள் பென்சில் காணாமல் போய்விட்டது. ஆகவே இந்த ஆய்வில் புள்ளிவிவரம் கிடையாது.

முறையீட்டின் இலக்கணம்

முறையீட்டுக்கு உறுப்பு மூன்று: விளி, சுட்டு, குற்றம். ‘மிஸ், இவன் கிள்றான் மிஸ்’ என்பதில் மூன்றும் வந்துவிட்டன. இதில் விளி மட்டும் இரண்டு முறை வருவதைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியர் விளிக்கென்றே சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலை ஒதுக்கினார். ஆனால் ஒருவரையே ஒரே மூச்சில் இரண்டு முறை விளிப்பதன் பயனை அவர் ஆராயவில்லை. அவர் காலத்தில் மிஸ் இல்லாதது காரணமாயிருக்கலாம். விடுபட்டதை இங்கே நிரப்புகிறேன். முன்விளி, டீச்சரின் தலையைத் திருப்புவதற்கு. பின்விளி, திரும்பிய தலை வேறு பக்கம் போய்விடாமல் பிடித்துவைப்பதற்கு.

சுட்டில் பெயர் வராது. விரல் நீட்டியிருக்கும்போது பெயர் எதற்கு? குற்றம் எப்போதும் நிகழ்காலத்தில் இருக்கும். கிள்ளு நேற்று விழுந்திருந்தாலும் ‘கிள்றான்’தான். வலி இருக்கும் வரை வினை முற்றுப் பெறுவதில்லை என்பது இவர்கள் இலக்கணம். எனக்கும் இது சரியாகவே படுகிறது.

வகைப்பாட்டுக்கு அரசாங்கமே வழி காட்டியிருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை அடைக்க, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். முறையீட்டுக்கும் இது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. அரும்பு நிலையில் அழுகை மட்டுமே உண்டு. எதிரி யார், குற்றம் என்ன என்பதை டீச்சர்தான் துருவி எடுக்க வேண்டும். மொட்டு நிலையில் மேலே சொன்ன மூன்று உறுப்பும் வந்துவிடும். மலர் நிலையில் முன்வரலாறு, சாட்சி, தீர்ப்புக்கான பரிந்துரை எல்லாம் சேர்ந்தே வரும்: ‘மிஸ், இவன் என் நோட்ல கிறுக்கிட்டான் மிஸ், நேத்தும் கிறுக்குனான், இவளும் பாத்தா, இவன வெளிய நிக்க வைங்க மிஸ்.’ என் பேத்தி திங்கட்கிழமை சுத்தமான அரும்பு. வாங்கிக் கொடுத்து ஒரு நாள்கூட ஆகாத மாம்பழ வாசனை ரப்பர் காணாமல் போயிருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் முக்கால் மணி நேரம் அழுதாள்.

முன்னோர் கண்டவை

மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டிய மணிக்கு ஆராய்ச்சி மணி என்று பெயர். கன்றை இழந்த பசு வந்து இழுத்த மணி. இதே கதையை இலங்கையில் எல்லாளன் பேரில் மகாவம்சமும் சொல்கிறது. முறையீட்டைக் கேட்பதுதான் அந்த மணிக்கு ஆராய்ச்சி. அந்தப் பொருளில் பார்த்தால், பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிட நாற்பது பிள்ளைகள் நடுவே நிற்கும் டீச்சரே முழுநேர ஆராய்ச்சியாளர்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்த இடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் போட்டுக் காட்டுவான்; வருகிற முறையீடுகளையும் கீழ்நீதிமன்றம்போல் அவனே முடித்துவைப்பான். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் இந்த வழக்கத்தை ஒரு நாட்டுப் பள்ளியில் பார்த்தார். தன் விடுதியிலும் மணலைப் பரப்பி, பெரிய பையன்களை விட்டே சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. நம் சட்டாம்பிள்ளை இப்படித்தான் கப்பலேறினான். அவனை ஏற்றிவிட்டவர் பெயரே பெல் என்பதை ஆராய்ச்சி மணியோடு சேர்த்துப் பார்க்க ஆசை வருகிறது. ஆய்வு நெறி தடுக்கிறது.

அதற்குப் பிறகு முறையீட்டு வரலாற்றில் பெரிய திருப்பம் செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, நாலைந்து ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் என்று நல்ல காரியங்கள் பல அதில் வந்தன. கூடவே எல்லோரும் பாயில் இறங்கினார்கள். பெஞ்சில் மூன்று பேர் என்றால் மூன்று பேர். பாய்க்கு எல்லைக்கல் கிடையாது. ‘என் எடத்துல கால் நீட்டிக்கினு குந்திகிறான் மிஸ்’ என்கிற நிலத்தகராறு வகை அங்கேதான் செழித்தது என்பது என் கருத்து.

வாரத்தின் போக்கு

திங்கட்கிழமை முறையீடுகளில் பாதி வயிற்றைச் சார்ந்தவை. முன்பெல்லாம் காலையில் பசியோடு வந்த பிள்ளை அதை முறையிட்டதில்லை, சுருண்டு படுத்துக்கொள்ளும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு வருஷம் ஆகஸ்டில் மாநிலத்து அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் வந்த காலை உணவுத் திட்டத்துக்குப் பிறகு முறையீட்டின் தரம் உயர்ந்துவிட்டது. ‘அவனுக்கு ரெண்டு கரண்டி, எனக்கு ஒண்ணரை.’ மதியச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை. ஐந்து நாளும் பக்கத்துத் தட்டில் இருப்பதே பெரிய முட்டை. தட்டை மாற்றிக்கொண்டாலும் இந்த விதி மாறுவதில்லை.

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. எல்லோரும் சன்னலில் இருந்தார்கள். பதிவுக்குரியது எதுவுமில்லை.

புதன்கிழமையைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும். அன்று நிறங்கள் பாடமும் ஒட்டு வேலையும். வீட்டிலிருந்து துணித் துண்டு, நூல் எதையாவது கொண்டுவரச் சொல்லியிருந்தார் டீச்சர். பாதிப் பிள்ளைகள் தறி ஓடும் வீட்டுக்காரர்கள் என்பதால் பை நிறையக் கழிவுப் பட்டு நூல் வந்து இறங்கியது. டீச்சர் ஒரு நீல அட்டையைத் தூக்கிக் காட்டி ‘இது என்ன கலர்?’ என்றார். ஒரு விநாடி வகுப்பே அமைதி. பிறகு இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு குரல்: ‘எந்த நீலம் மிஸ்? எம்.எஸ். புளூவா, ஆனந்தா புளூவா?’

சிவப்பு அட்டைக்கு அரக்கு என்று ஒரு கட்சி, மிளகாய்ப் பழம் என்று ஒரு கட்சி. பாடநூலின் சிவப்புக்கு ஓட்டே விழவில்லை. ஒரு பையன் எதிரிலிருந்தவளின் சரிகைத் துணுக்கை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, ‘மிஸ், இது ஒரிஜினல் ஜரிகை இல்ல மிஸ், உள்ள செவப்புப் பட்டு தெரியல’ என்றான். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளிருக்கும் சிவப்புப் பட்டு தலை காட்டும். வியாபாரிகள் கடையில் செய்கிற சோதனையை ஏழு வயதுப் பையன் பாயில் உட்கார்ந்து செய்தான். பறிகொடுத்தவள் அழவில்லை. ‘எங்க வீட்ல எல்லாம் ஒரிஜினல்தான் மிஸ், இது ஒட்றதுக்கு எடுத்தாந்தது’ என்றாள். எதிர்வாதம் என்றால் இது.

அதன் பிறகு வந்தது இந்த ஆய்வின் தலையாய வழக்கு. ஒருத்தி மயில் கழுத்துத் துண்டு ஒன்று கொண்டுவந்திருந்தாள். ‘மிஸ், இத பச்சைன்றா மிஸ்’ என்று இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறையீடு. ‘மிஸ், இவ நீலம்ன்றா மிஸ்’ என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. துண்டு பாயின் நடுவில் கிடந்தது. மயில் கழுத்துக்குப் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடினால், உட்கார்ந்த இடத்தைப் பொறுத்துத் துணி நீலமாகவும் தெரியும், பச்சையாகவும் தெரியும். டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பேரையும் இடம் மாறி உட்காரச் சொன்னார். மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். உடனே ‘மிஸ், இவ துணிய மாத்திட்டா மிஸ்’ என்று இரண்டு பக்கமும் புதிதாக முறையிட்டன.

இந்த இடத்தில் ஆய்வாளன் கொஞ்சம் தடம் மாறுகிறான், பொறுத்துக்கொள்ளுங்கள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கடைசிக் கரை எட்டாது. பக்கத்தில் இன்னொரு ஆள் குந்தி அந்த நாடாவை விட வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பையன்தான். நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு வருஷம் அந்த இடத்தில் நான் குந்தியிருந்தேன். மாமா ‘ம்’ என்றால் நாடாவை விடுவேன். முதுகு வலித்தால் வலிக்கும். அங்கே முன்விளியும் கிடையாது, பின்விளியும் கிடையாது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பையன்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பாயில் உட்கார்ந்துகொண்டு ‘இவன் கால் நீட்றான் மிஸ்’ என்று கத்துகிறார்கள். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். நான் பொத்திக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை ஆய்வின் நடுநிலை கெட்டது. தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டது யார் என்ற வழக்கில், ‘வெளிய இருக்கற தாத்தா பாத்தாரு மிஸ், அவர கேளுங்க’ என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்கள். பார்க்கவில்லை என்றேன். பார்த்திருந்தேன். சாயந்திரம் வரை இரண்டு கட்சியும் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை விரல் பொம்மை வைத்துக் கதை. சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முயல் ஏமாற்றும் பழைய கதைதான். டீச்சர் விரலில் முயல் நின்று, ‘கிணத்துக்குள்ள இன்னொரு சிங்கம் இருக்கு ராஜா’ என்றதும் வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. ‘மிஸ், முயல் பொய் சொல்லுது மிஸ்!’ தன்னைத் தின்ன வரும் சிங்கத்திடமிருந்து தப்பத்தான் முயல் பொய் சொல்கிறது என்று டீச்சர் விளக்கிப் பார்த்தார். ‘பொய்னா பொய்தான் மிஸ்.’ சிங்கம் அன்று பிழைத்துப் போனது.

மத்தியானம் முட்டைக்குப் பிறகு எனக்குக் கண் சொக்கியது. தூணில் சாய்ந்தேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கணீரென்று ஒரு குரல் எழுப்பியது. ஐந்து நாளாக ஒரு வார்த்தைகூடப் பேசாத குரல்.

‘மிஸ், தாத்தா தூங்கறாரு மிஸ். நேத்தும் தூங்குனாரு மிஸ். இவளும் பாத்தா.’

முன்விளி, சுட்டு, குற்றம், பின்விளி, முன்வரலாறு, சாட்சி. அரும்பிலிருந்து நேராக மலர். நடுவில் மொட்டு என்று ஒரு படி இருந்ததே தெரியவில்லை. டீச்சர் சிரித்தபடி வந்து, ‘பழகிட்டா ஐயா. திங்கக்கெழமையிலிருந்து நீங்க வர வேணாம்’ என்றார். ஆய்வுக் காலம் அத்தோடு முடிந்தது.

முடிவு வேண்டுபவர்களுக்கு ஒரு பரிந்துரை மட்டும்: பருவ முடிவில் வீட்டுக்கு வரும் தர அட்டையில் படித்தல், எழுதுதல், எண்ணுதலுக்குக் கீழே முறையிடுதல் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மாம்பழ வாசனை ரப்பர் ஒன்றும், ஒரு பக்கம் மட்டும் சீவிய பென்சில் ஒன்றும் இன்னும் கிடைக்கவில்லை. ஆரணியில் இதைப் படிக்கும் வீட்டுக்காரர்கள் தயவுசெய்து பிள்ளையின் பையைக் கவிழ்த்துப் பார்க்கவும். இருந்தால் வகுப்பில் கொடுத்துவிடுங்கள். யாரையும் வெளியே நிற்க வைக்க மாட்டேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.