இன்டர்நேஷனல் வாசலில் ஒரு முந்திரிக் கூடை

கந்தர்வக்கோட்டைக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூரையும் புதுக்கோட்டையையும் இந்த ஊர் வழியாகத் தண்டவாளத்தால் இணைக்கும் பேச்சு மட்டும் நெடுநாளாக வந்து வந்து போகிறது. ஆனால் சிங்கப்பூர் விமானம் எத்தனை மணிக்கு, கொழும்பு விமானம் எத்தனை மணிக்கு என்று கடைவீதியில் கேட்டுப் பாருங்கள், டீ ஆற்றும் கையை நிறுத்தாமலே பதில் சொல்வார்கள். ரயில் ஏற இருபது, முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் தெருவுக்கு நாலு பாஸ்போர்ட் பீரோவுக்குள் இருக்கிறது.

இந்த விசித்திரத்தைப் பேசித் தீர்க்க, இரண்டு பேரைக் கற்பனையில் அந்தக் கடைவீதியில் உட்கார வைப்போம். ஒருவர் டிராவல்ஸ்காரர். டிக்கெட், விசா, மெடிக்கல், பாஸ்போர்ட் என்று கண்ணாடி முழுக்க எழுதி ஒட்டியிருப்பவர். திருச்சி ஏர்போர்ட்டைப் பற்றி வாய் திறந்தால், அதற்குச் செங்கல் சுமந்ததே அவர்தான் என்று தோன்றும். மற்றவர், அவர் கடை நிழலில் கூடையை இறக்கி வைத்து முந்திரிப்பருப்பு விற்கும் அப்பத்தா. மகன் சிங்கப்பூர். 2018 நவம்பரில் கஜா புயல் முந்திரி மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பேரன் ஷார்ஜா. ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்துப் போன அனுபவத்தில் டிராவல்ஸ்காரரைவிட மூத்தவர். ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்ததில்லை.

"அப்பத்தா, புது டெர்மினலைப் பாத்தீங்கள்ல? 2019 பிப்ரவரியில அடிக்கல் நாட்டுனாங்க. 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமரே வந்து திறந்து வச்சாரு. ஆயிரத்து நூறு கோடி ரூபா! வருசத்துக்கு 44 லட்சம் பேர் வந்து போகலாம்."

"பிப்ரவரியில பேரனை அனுப்பப் போனோமே, பழைய கட்டடத்துலதானே ஏத்திவிட்டாங்க?"

"அது வந்து... திறப்பு விழா ஜனவரியில. விமானம் வந்து போக ஆரம்பிச்சது ஜூன் 11ல."

"அஞ்சு மாசம் பூட்டியே கெடந்துச்சா?"

"பூட்டி இல்ல அப்பத்தா. தயாராயிட்டு இருந்துச்சு."

ரிப்பன் வெட்டுவதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவே ஐந்து மாதம் என்பது நம் நாட்டுக் கணக்கில் அவசரம்தான். டிராவல்ஸ்காரர் அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் அழகுக்குத் தாவினார். ஸ்ரீரங்கம் கோயிலின் வண்ணங்கள், சுவரெல்லாம் ஓவியம், கோலம், வாசலில் கோபுரச் சாயல். விமானத்துக்குள் நேராக நடந்து போகப் பத்து ஏரோபிரிட்ஜ், செக்-இன் கவுண்டர் மட்டும் அறுபது. நெரிசலான நேரத்தில்கூட 3,500 பேரைத் தாங்கும்.

"அந்த 3,500 பேருங்கிறது ஏறுறவன், எறங்குறவன் கணக்குதானே? அவனை அனுப்ப வந்தவங்க கணக்கு எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒருவர் வெளிநாடு கிளம்பினால் ஒருவரா கிளம்புகிறார்? அம்மா, மனைவி, கைக்குழந்தை, மச்சான், 'சும்மா ஏர்போர்ட்டைப் பாத்துட்டு வரலாம்' என்று தொற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன், டயரில் நசுக்க எலுமிச்சம்பழம், கோயில் விபூதி, கட்டுச்சோறு. புதுக்கோட்டை, கீரனூர், மாத்தூர் என்று வேன் போய்ச் சேரும்போது பயணி ஒருவர், பட்டாளம் பன்னிரண்டு. டெர்மினல் இத்தனை பேரைத் தாங்கும் என்று சொல்கிறவர்கள் டிக்கெட் வைத்திருப்பவரை மட்டுமே எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் அழுகைக்குச் சதுர அடி கிடையாது.

"பார்வையாளர் பாஸ்னு ஒண்ணு இருக்கு அப்பத்தா. ஆனா ஆகஸ்ட் 15, ஜனவரி 26 சமயத்துல அதை நிறுத்திருவாங்க. பாதுகாப்பு."

"சுதந்திர தினத்துக்கு நான் உள்ள வரக்கூடாதாக்கும்? ரொம்ப நல்லாருக்கு."

டிராவல்ஸ்காரர் வரலாற்றில் புகுந்தார். வரலாற்றில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

"இது நேத்து முளைச்ச ஏர்போர்ட்டு இல்ல. 1932ல டாட்டா கம்பெனி கராச்சியில இருந்து பம்பாய் வழியா மெட்ராசுக்குத் தபால் விமானம் விட்டுச்சு. முதல் விமானத்தைப் பம்பாய் வரைக்கும் ஜே.ஆர்.டி. டாட்டாவே ஓட்டிட்டு வந்தாரு. 1938ல அந்த வழியைக் கொழும்பு வரைக்கும் நீட்டினாங்க. அப்ப நடுவுல இறங்கி ஏறின ஊரு எது? திருச்சி!"

"அதுல யாரு போனா?"

"முக்கியமா... தபால்தான்."

"எங்க மாமனாரோட அய்யா அந்தக் காலத்துலதான் கண்டிச் சீமைக்குப் போனாரு. ரயில்ல மண்டபம் போயி, கேம்ப்புல நாள்கணக்காக் கெடந்து, ஊசி போட்டுக்கிட்டு, அப்புறம் கப்பல் ஏறினாரு. அவரு போட்ட காயிதம் பறந்து வந்துருக்கு. அவரு கேம்ப்புல கெடந்துருக்காரு."

மண்டபம் முகாம் பொய்யில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களை இலங்கை அரசு அங்கேதான் தடுத்து வைத்துச் சோதித்து, நோயில்லை என்று தெரிந்த பிறகு அக்கரைக்கு அனுப்பியது. அதே காலத்தில் அதே கொழும்புக்கு, தலைக்கு மேலே கடிதக் கட்டுகள் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஏர்போர்ட்டின் பெருமைக் குறிப்புகளில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் யாரும் அச்சிடுவதில்லை.

"சரி, அதை விடுங்க. 2012 அக்டோபர் 4ஆம் தேதி மத்திய அமைச்சரவை கூடி, திருச்சியை இன்டர்நேஷனல் ஏர்போர்ட்டுனு அறிவிச்சாங்க. கோயம்புத்தூர், மங்களூர், லக்னோ, வாரணாசியோட சேத்து."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் கொழும்பு போச்சு, சிங்கப்பூர் போச்சு, துபாய் போச்சு..."

"என் மகன் சிங்கப்பூர் போயி அப்பவே ஆறேழு வருசம் இருக்குமே. அவனை ஏத்திவிட்டது அப்ப என்ன ஏர்போர்ட்டு?"

"கஸ்டம்ஸ் ஏர்போர்ட்டு."

"பிள்ளை பொறந்து காலேஜு முடிச்சப்புறம் காது குத்தின கதையா இருக்கே."

இதில் அப்பத்தா பக்கம்தான் புள்ளிவிவரமும் நிற்கிறது. திருச்சியில் உள்நாட்டுப் பயணியைவிட வெளிநாட்டுப் பயணிதான் பல ஆண்டுகளாக அதிகம். இந்திய ஏர்போர்ட்டுகளில் இது அபூர்வம். சென்னைக்குப் போகிறவன் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடிப்பான், இல்லையென்றால் பஸ்ஸைப் பிடிப்பான். திருச்சியில் விமானம் ஏறுகிறவன் பெரும்பாலும் கொத்தனார், வெல்டர், டிரைவர், கப்பல்பட்டறைத் தொழிலாளி. ஓடுதளத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தது அரசாங்கம். அதை இன்டர்நேஷனல் ஆக்கியது புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்து ஆட்களின் பாஸ்போர்ட்.

"அப்ப ஒரு சந்தேகம் தம்பி. சிங்கப்பூர்க்காரன் விமானம் வருது, மலேசியாக்காரன் விமானம் வருது, கொழும்புக்காரன் விமானம் வருது. எம் பேரன் இருக்கிற பக்கத்து விமானம் ஏன் வரமாட்டேங்குது? நம்ம ஊரு விமானம்தானே போயி அள்ளிட்டு வருது?"

டிராவல்ஸ்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். தொழில் தெரிந்தவர்களுக்கே உரிய பரவசம் முகத்தில்.

"அங்கதான் சூட்சுமமே இருக்கு. ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுல இறங்கணும்னா ரெண்டு அரசும் ஒப்பந்தம் போடணும். எந்த ஊர்ல இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை சீட்டு, எல்லாம் அதுல இருக்கும். சிங்கப்பூர், மலேசியா மாதிரி தென்கிழக்கு ஆசிய நாட்டு கம்பெனிகளுக்கு இந்தியா 18 ஊர்களைத் திறந்துவிட்டுச்சு. சுற்றுலா வளரணும்னு. அதுல திருச்சியும் ஒண்ணு. அதனாலதான் ஏர் ஏசியா 2008 டிசம்பர்ல இந்தியாவுக்குள்ள முதல் முதலா வந்தப்ப டெல்லிக்குப் போகலை, பம்பாய்க்குப் போகலை, நம்ம திருச்சியில வந்து இறங்குச்சு!"

"வந்தது சுற்றுலாக்காரனா?"

"நம்ம ஆளுங்கதான். கோடாலித் தைலமும் பால் பவுடருமா."

"வளைகுடா?"

"துபாய், கத்தார் கூடப் போட்ட ஒப்பந்தத்துல திருச்சி பேரு இல்ல. ரொம்ப வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"அப்ப போட்டிக்கு ஆள் இல்லாம, பொங்கலுக்கு வர்றவன்கிட்ட அவன் சொன்ன வெலைதான்."

"சீசன் அப்பத்தா. டிமாண்ட் கூடினா விலை தானா ஏறும். காலையில ஒரு விலை, ராத்திரி ஒரு விலை. கம்ப்யூட்டரே போட்டுக்கும்."

அப்பத்தா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பேச்சு ஓடுதளத்துக்கு வந்தபோது டிராவல்ஸ்காரரின் சுருதி சற்று இறங்கியது. திருச்சி ரன்வேயின் நீளம் 8,136 அடி. சென்னையின் பெரிய ரன்வே 12,000 அடி. பெரிய விமானங்கள் நிறைச்சுமையோடு வந்து போக வேண்டுமானால் திருச்சி ரன்வேயை நீட்ட வேண்டும். நீட்ட நிலம் வேண்டும், அதில் ஒரு பகுதி பாதுகாப்புத் துறையுடையது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

"அதான் அன்னைக்குச் சுவத்துல இடிச்சுச்சா?"

2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ரன்வே முடிவில் இருந்த வழிகாட்டும் ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசி இடித்துக்கொண்டே மேலே ஏறியது. உள்ளே 136 பேர். வயிற்றுப் பகுதி கிழிந்த நிலையில் அரபிக்கடல் மேல் போய், தகவல் கிடைத்துத் திரும்பி, மும்பையில் பத்திரமாக இறங்கியது.

"சுவரு, ரன்வே மேல குத்தம் இல்ல அப்பத்தா. கிளம்பும்போது இன்ஜின் விசை குறைஞ்சதை விமானிங்க கவனிக்கலை."

"டவுன் பஸ்ஸு சுவத்துல இடிச்சா இறங்கிப் பாக்குறான். இவன் மும்பையில போயி இறங்கிப் பாத்துருக்கான்."

"எல்லாரும் உசுரோட இருக்காங்கள்ல?"

"அதுக்குத்தான் விபூதி பூசி அனுப்புறது."

2024 அக்டோபர் 11 சாயங்காலத்தை அப்பத்தாவிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. 141 பயணிகளோடு ஷார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உடனே இறங்க முடியாது. டேங்க் நிறைய எரிபொருள் இருந்தால் எடை அதிகம். அந்த ரக போயிங் 737இல் எரிபொருளை நடுவானில் கொட்டிவிடும் வசதியும் இல்லை. எரித்துத் தீர்க்க வேண்டும். அதனால் புதுக்கோட்டை மாவட்ட வானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டம் வட்டமாகச் சுற்றியது. டிவி முழுக்க அந்த வட்டம்தான். ஓடுதளத்தில் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரிசையில் நின்றன. எட்டு மணிக்கு மேல் சாதாரணமாக வந்து இறங்கியது.

"அதையே வசதின்னு சொல்லலாம் அப்பத்தா. விமானி திறமை, ஏர்போர்ட்டு தயார் நிலை..."

"சொல்லு, சொல்லு. நம்ம மாவட்டத்துக்கு விமான சேவை வேணும்னு கேட்டாங்கள்ல, ரெண்டு மணி நேரம் சுத்திக் காட்டிட்டான். தஞ்சாவூர் சண்டை விமானமும் இந்தப் பக்கம்தான் இரையுது. சத்தம் பூரா நமக்கு, சீட்டு மட்டும் திருச்சியில."

(தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய் விமானங்கள் நிற்கின்றன. அப்பத்தாவின் காது சரியாகத்தான் வேலை செய்கிறது.)

கஸ்டம்ஸ் பற்றி அதிகம் பேச இருவருக்குமே விருப்பமில்லை, அவரவர் காரணத்துக்காக. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் பெண் நாற்பது கிராம், ஆண் இருபது கிராம் நகையை வரியின்றிக் கொண்டுவரலாம் என்றார் டிராவல்ஸ்காரர். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து ஆறாக இறங்கியதில், தங்கம் கடத்திவரும் 'குருவி'களுக்கு வருத்தம் என்றும் சொன்னார். பேஸ்ட் ஆக்கி, கம்பி ஆக்கி, எங்கெங்கோ ஒளித்துத் தங்கம் பிடிபடும் செய்தி திருச்சிப் பதிப்புக்கு ராசிபலன் போல வழக்கமான ஒன்று.

"தங்கம் மட்டுமில்ல. 2023 ஜூலையில கோலாலம்பூர்ல இருந்து வந்த ஒருத்தன் பெட்டியைத் திறந்தா 47 மலைப்பாம்பு, ரெண்டு பல்லி!"

"அதுகளை உள்ள விட்டிருக்கான்."

"பிடிச்சுட்டாங்க அப்பத்தா!"

"பிடிச்சது உள்ள வந்தப்புறம்தானே? ஏசியில ஓவியமெல்லாம் பாத்துட்டுத்தானே போயிருக்கும்?"

டிராவல்ஸ்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம். குட்டி விமானம், குறைந்த தூரம். "உங்களுக்கே ஒரு டிக்கெட் போட்டுத் தரேன். நல்லூர் கந்தனைப் பாத்துட்டு வாங்க. உள்ளேயும் போயிட்டு வந்த மாதிரி ஆச்சு."

"பாஸ்போர்ட் எடுக்க நீ எவ்வளவு வாங்குவே?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. நாளைக் காலை ஷார்ஜா விமானத்தில் போகிற வாடிக்கையாளர். முதலாளிக்குக் கொடுக்க முந்திரிப்பருப்பு வேண்டுமாம்.

"அப்பத்தா, ஒரு கிலோ போடுங்க. நேத்து வெலைதானே?"

"நேத்து வெலைக்கு நேத்தே புக் பண்ணியிருக்கணும். நாளைக்குக் கிளம்புறவனுக்குக் கடைசி நேர வெலை. நூறு ரூபா கூட."

"என்ன அப்பத்தா, நமக்குள்ள..."

"பொட்டலம் கட்டத் தனி. உடையாத முழுப்பருப்பு வேணும்னா அதுக்கு வேற. திருப்பிக் குடுத்தா பணம் வராது."

டிராவல்ஸ்காரர் சிரித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரைச் சாட்சிக்கு அழைத்துப் பார்த்தார்.

"யோசிச்சுக்கிட்டே நில்லு. இந்த வெலையில ரெண்டே பொட்டலம்தான் இருக்கு."