வராதவர்களின் பட்டியல்

கிழக்கு லண்டனில் நான் ஜிபியாக, அதாவது குடும்ப மருத்துவராக, சேர்ந்த காலத்தில், ஒருவருடைய நோய் வரலாறு முழுவதும் ஒரு சிறிய பழுப்பு உறைக்குள் இருந்தது. 1911இல் தேசியக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்த லாயிட் ஜார்ஜின் பெயராலேயே அந்த உறையை அழைப்போம். ஆஸ்பத்திரிக் கடிதங்களை மடித்து மடித்துத் திணித்து, ஓரங்கள் கிழிந்து பிதுங்கி நிற்கும். நோயாளி வந்தால் வரவேற்பறைப் பெண் உறையை இழுத்துத் தருவார். நோயாளி போனதும் அது திரும்ப அலமாரிக்குப் போய்விடும். வராதவருடைய உறையை யாரும் தொடுவதில்லை. பல வருடம் பிரஷர் பார்க்காத ஒருவர் பக்கவாதத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அவருடைய உறை வெளியே வரும்.

அந்தக் காலத்துக்கும் முன்பே தென் வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் வேறு வழியில் போனார். 1960களின் கடைசியில் ஊரில் இருந்த பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். இருமலுக்கு வந்தவரையும் விடவில்லை, வராதவரையும் விடவில்லை. கணினி கிடையாது, காகிதமும் பிடிவாதமும்தான்.

அந்தப் பிடிவாதத்தை நாடு முழுவதும் கொண்டுபோகக் கணினி வேண்டியிருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை 1960களிலேயே தொடங்கியிருந்தும், அது மிகவும் தேவைப்பட்ட பெண்கள் பலரை எட்டவில்லை. 1988இல் கணினிப் பதிவைப் பார்த்து முறையாக அழைப்புக் கடிதம் அனுப்பத் தொடங்கிய பிறகு வருகிறவர்கள் கூடினார்கள், இறப்பும் குறைந்தது.

இன்று திரையில் ஒரு தேடல் போதும். நீரிழிவு இருந்தும் ஒரு வருடமாகக் கால் பரிசோதிக்காதவர், பிரஷர் மாத்திரை எடுத்தும் அளந்து பார்க்காதவர் என்று பெயர்கள் வரிசையாக வரும். கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வராதவர்களின் பட்டியலில் இருந்த ஒரு பெண், கடிதங்களுக்குப் பதிலே தரவில்லை. நானே தொலைபேசியில் கூப்பிட்டுத் தமிழில் பேசினேன்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே டொக்டர், ஏன் வரவேணும்?"

"வருத்தம் வர முந்தித்தான் பிள்ளை பார்க்கவேணும். பெண் நேர்ஸ்தான் பார்ப்பா, பயப்படாதீங்கோ."

அவர் வந்தார்.

அலமாரி ஒளித்து வைத்த பெயரைக் கணினி கண்முன் வைக்கிறது. அதற்கு மேல் அதனால் முடியாது. மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், அந்தப் பெயருக்கு உரியவரை அவருடைய மொழியில் கூப்பிட்டுப் பேசும் ஆளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். நோய் தடுக்கப்படுவது அந்தப் பேச்சில்தான்.