ரூல்ஸ் அண்ணா

மாநாடு என்றால் எனக்குத் தெரிந்தது கட்அவுட், கொடி, பிரியாணிப் பொட்டலம். பாலவாக்கத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் 'போர்டு கேம் மாநாடு' என்று அக்கா பையன் இழுத்துக்கொண்டு போனான். ஐந்து மேசை, இருபது பேர், ஒரு தட்டு பஜ்ஜி. எங்கள் மேசைக்கு ரூல்ஸ் அண்ணா வாய்த்தார்.

இந்த ரகத்தைக் கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். ரம்மிக்கு உட்காரமாட்டார்; பின்னால் நின்றுகொண்டு "அது செல்லாது" என்பார். அவரே ஐ.டி. வேலைக்குப் போய், சம்பளத்தில் ஜெர்மன் ஆட்டமாக வாங்கிக் குவித்தால் ரூல்ஸ் அண்ணா.

பெட்டியை அவர் திறந்தபோது கற்பூரம்தான் பாக்கி. அட்டைக்கு அட்டை பிளாஸ்டிக் உறை. கடற்காற்றில் கேட்டுக் கம்பியே துருப்பிடித்து உதிர்கிற ஊர், அட்டை அப்பளமாக வளைந்துவிடுமாம். அதற்காகச் செருப்புப் பெட்டிகளிலிருந்து சேர்த்த சிலிக்கா பொட்டலங்கள் உள்ளே கிடந்தன. எண்ணினேன், பதினொன்று. பஜ்ஜித் தட்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினார். "எண்ணெய்க் கை வேண்டாம் சார்."

ஆட்டத்தின் பெயர் கட்டான். அண்ணா விதியை, ஆட்டம் வெளிவந்த 1995-லிருந்து ஆரம்பித்தார். உருவாக்கிய கிளாவுஸ் டாய்பர் பல் செட் செய்யும் தொழிலில் இருந்தவராம். அங்கிருந்து 1983-ல் தொடங்கிய எஸ்ஸன் நகரத்து ஆட்டச் சந்தைக்குப் போனார். அதையும் தாண்டி, அமெரிக்காவில் 1968-ல் கூடிய முதல் ஜென் கான் ஆட்ட மாநாட்டில் போய் நின்றார். முக்கால் மணி ஆயிற்று. பகடை இன்னும் உறைக்குள்தான். இந்த மனுஷர் ஆட வரவில்லை, சொல்ல வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் பாட்டி பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தது வேறு மாதிரி. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு சோழி, "எடுத்துப் போடுடா, போகப் போகத் தெரியும்." நாலு சேர்ந்தால் பசு என்பதை, அவள் முதல் பசுவை அள்ளிய பிறகுதான் சொன்னாள்.

ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது. கையில் ஆடு, செங்கல் என்று அட்டைகள்; எதிரே ஒரு கல்லூரிப் பெண். "ரெண்டு ஆடு தர்றேன் அங்கிள், ஒரு செங்கல் குடுங்க." நான் ஈ.சி.ஆர். பக்கம் வீடு கட்டினவன்; செங்கல் அருமை தெரியும். நாலு ஆடு கேட்டேன், யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். அண்ணா உதட்டைக் கடித்தார். "விதிப்படி தப்பில்ல சார், ஆனா..."

அடுத்த பகடையில் ஏழு விழுந்தது. ஏழு விழும்போது கையில் ஏழு அட்டைக்கு மேல் இருந்தால் பாதியைக் கீழே வைக்க வேண்டுமாம். என்னிடம் எட்டு. நாலு ஆடும் போயிற்று.

"முப்பத்தேழாவது நிமிஷத்துல சொன்னேனே சார்!" அண்ணா முகத்தில் அன்றைக்கு வந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

பத்துப் புள்ளி எடுத்து அந்தப் பெண் ஜெயித்தாள். அண்ணா கடைசி. வருத்தமே இல்லை. "ஒரு ரூல்கூட மீறாம முடிச்சோம் பாத்தீங்களா?" என்று அட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே வைத்தார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஆட்டம், விதிக்கு எட்டரைக்கே வந்துவிட வேண்டுமாம். போகிறவர்கள் டிபனை முடித்துவிட்டே கிளம்புங்கள்.